மூக்குக்கண்ணாடி என் கையில

படகு ஆடிக்கிட்டே இருக்கு. தீவைச் சுத்திப் பார்க்க வந்த இடத்துல, கடல்ல இறங்கணும்னு நின்ன வீட்டுக்காரர்கிட்ட, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கூத்து?"ன்னு சொல்லிட்டேன். மனுஷனுக்கு ரோஷம் வந்து, மூக்குக்கண்ணாடியக் கழட்டி என் கையில திணிச்சுட்டு, பவளப்பாறை பார்க்கறேன்னு கடல்ல குதிச்சுட்டார். வெயில் தண்ணில பட்டுக் கண்ணக் குத்துது. மிதக்கற தலை எல்லாத்துக்கும் ஒரே மாதிரி முகமூடி, ஒரே ஆரஞ்சு மிதவைச் சட்டை. இதுல என் வீட்டுக்காரர் எது? கண்ணாடிய முந்தானைல தொடச்சுத் தொடச்சுத் தேடறேன். படகுக்காரர் விசில் ஊதறார். எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்புது. ஒண்ணு மட்டும் பக்கத்துப் படகுல மஞ்சத் தொப்பி போட்ட அம்மாவுக்குக் கைய ஆட்டிக்கிட்டே விறுவிறுன்னு நீந்துது. என் தலையிலயும் மஞ்சத் தொப்பிதான், அவர் கண்ணாடியோ என் கையில. "தம்பி, அதோ அவர்தான்பா எங்க வீட்டுக்காரர். அந்தம்மா கூட்டிட்டுப் போறதுக்குள்ள பிடி"ங்கறேன். இப்பதான் மூச்சே வருது.