ஐந்தாம் மாடிக்கும்

ஜவுளிக்கடையின் நான்கு மாடிகளுக்கும் எந்த ஏசி பொருந்தும் என்று ஜெயசீலன் சொல்லி முடித்ததும், "அஞ்சாவதுக்கும் போட்ருங்க" என்றார் முதலாளி. கடையில் வேலை செய்யும் பெண்கள் அங்கேதான் தங்கியிருந்தார்கள். அவர்கள் தூங்கும் இடத்துக்கு ஏசி கேட்ட முதலாளியை அவன் இதுவரை பார்த்ததில்லை.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. அங்க ஸ்ப்ளிட் ஏசி போதும், செலவு கம்மி. குளிருச்சுன்னா அணைச்சிட்டு ஜன்னலத் தொறந்துக்கலாம்."

"அப்ப அது வேண்டாம். ஜன்னல நிரந்தரமா அடைக்கிற மாதிரி எது இருக்கு?"

"சென்ட்ரல் ஏசி. ஆனா சார்..."

"அதையே போடுங்க."

அளவெடுக்க மேலே போனான். சுருட்டிய பாய்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து உட்கார்ந்தாள். ஏசி வரப்போகிறது என்று அவளிடம் சந்தோஷமாகச் சொன்னான்.

"எங்களுக்கு ஃபேனே போதும்னு சொல்லிருங்க சார்" என்றாள்.

அவன் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான். கீழே சைக்கிள் கொட்டகை. துருப்பிடித்த அதன் தகரக் கூரையில், இந்த ஜன்னலுக்கு நேராக, ஒரே ஒரு தகடு மட்டும் புதிதாக மின்னியது.

"விழுந்தது யாரும்மா?"

அவள் தன் பாய்க்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த தரையைப் பார்த்தாள்.

போனில் முதலாளி அழைத்தார். "அளந்தாச்சா?"

ஜெயசீலன் டேப்பைப் பிரித்தான். ஜன்னல் அகலமாக இருந்தது. மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. அந்தப் பெண் எழுந்து வந்து பிடித்துக்கொண்டாள்.