கொம்பு போட்ட துண்டு

நோட்டு லேபிளில் எழுதும் முன், ரஃப் நோட்டில் தன் பெயரை எழுதிப் பார்த்தாள் வெண்பா. எட்டாவது தடவையும் 'வ' போட்டுவிட்டு அதற்குப் பின்னால் கொம்பு போட்டாள்.

"என் உடம்புல பாதி உன் பேருக்கே போயிடுச்சு. எல்லாப் பிள்ளைங்களும் கொம்பை முன்னாடிதானே போடுறாங்க?" என்றது ரப்பர்.

"எனக்கு மட்டும் எழுத்தெல்லாம் இடம் மாறிப் போகுது. நான் மக்கு," என்று வெண்பா நோட்டை மூடப் போனாள்.

"கொஞ்சம் இரு," என்றது நோட்டிலிருந்த கொம்பு. அதன் முகத்தில் அசடு வழிந்தது. "'வெ'ன்னு மெதுவா சொல்லிப் பாரு. முதல்ல எது கேக்குது?"

"வ்."

"நான்?"

"அப்புறம்தான்."

"பார்த்தியா? கடைசியா வர்றவன் நான். பஸ் ஜன்னல் வழியா துண்டைப் போட்டு முன்சீட்டைப் பிடிச்சுடுறேன். என்னை இதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காதுல விழுந்தபடி எழுதுன உன்னைப் போய்த் திட்டுறாங்க."

வெண்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேபிளை எடுத்து, முதலில் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். அதுதான் துண்டு. அதற்குப் பக்கத்தில் 'வ' எழுதினாள். பிறகு புள்ளியின் மேல் கொம்பை உட்கார வைத்தாள். பெயர் சரியாக வந்தது.

கொம்புக்கு அடியில் புள்ளி மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"அதை அழிச்சிடேன்," என்றது அவள் கையிலிருந்த பென்சில்.

"அடுத்தவங்க போட்ட துண்டு அது," என்றது ரப்பர். "நான் தொடமாட்டேன்."