உருப்பட இரண்டு வழி

அம்ராவைக் கட்டுவதென்றால் தன்னை மாற்றத்தான் வேண்டும் என்று ஸஜ்ஜாத் முடிவெடுத்து மூன்று மாதமாகிறது. ஆண் உருப்பட இரண்டே வழிதான் என்று கைப்பேசியில் பார்த்த காணொளி சொன்னது: உடுப்பும் வாசிப்பும்.

அன்றிலிருந்து விடிய மீனோடு கரை திரும்பியதும் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளிப்பான். அயர்ன் பண்ணிய சேர்ட், சப்பாத்து, கையில் நூலகத்துப் புத்தகம். மூதூர் இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடையில், அம்ராவின் வாப்பா அபூதாஹிருக்கு நேரெதிரே உட்கார்ந்து பின்னேரம் வரை வாசிப்பான். பதினோராவது புத்தகத்தில் வாசிப்பு உண்மையிலேயே பிடித்துப்போனது.

பெண் கேட்டுப் போன தரகர் லத்தீப் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“வேணாமாம், தம்பி.”

“ஏன் காக்கா?”

“அயர்ன் பண்ணின சேர்ட்டும் பொத்தகமுமா பகல் முழுக்கக் கடையில குந்திக்கொண்டு இருக்கான், கட்டாயம் வேலையில்லாப் பட்டதாரிதான் எண்டுறார்.”

“எனக்குச் சொந்தமா போட் இருக்கெண்டு சொல்லல்லையா?”

“சொன்னன். இந்தச் சப்பாத்தோட எந்தக் கடலுக்குப் போறான் எண்டு கேக்கார்.”

“அப்ப வேற மாப்பிள்ள பாத்திட்டாரா?”

“ஓம். மூணு மாசத்துக்கு முன்னம் இதே துறையில, கிழிஞ்ச பெனியனும் பச்சைச் சாரனுமா ஒருத்தன் போட் இஞ்சினைக் கழட்டிக்கொண்டு இருந்தானாம். மேலெல்லாம் மீன் வெடுக்கு. ‘உழைப்பாளி, அம்ராவுக்கு அவன்தான்’ எண்டு ஒரே பிடி. அதுக்குப் பிறகு ஆளைக் காணல்லையாம். தேடித் தரச்சொல்லி என்னட்ட கெஞ்சுறார்.”

ஸஜ்ஜாத் புத்தகத்தை மூடிவிட்டுக் கைப்பேசியில் வீட்டுக்கு அழைத்தான்.

“உம்மா, என்ட பச்சைச் சாரன் எங்க?”

“அதக் கிழிச்சுத்தானே மகன் ஒவ்வொரு நாளும் உன்ட சப்பாத்தைத் துடைக்கிறன்.”