பத்துக்குக் கீழே

“ஆ காட்டுங்கக்கா,” என்றாள் நர்சம்மா. உயரத்தால் நெட்டை என்றே பெயராகிப்போனவள், வாயைப் பிளந்து, நாக்கைத் தூக்கி, கடைவாய் வரைக்கும் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. நர்சம்மா திருப்தியாகத் தாளில் ஒரு சரி போட்டாள்.

மாத்திரை வாய்க்குள் போயிருந்தால்தானே? டம்ளரைப் பிடித்த விரலிடுக்கில் இருந்து, இந்நேரம் அது மேல்சட்டைப் பைக்குள் இறங்கியிருந்தது. ஆறு மாதப் பழக்கம். கை தானாகச் செய்துவிடும்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் சலவை ஆலை அது. நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கு மதியம் ஆளுக்கொரு இரும்புச்சத்து மாத்திரை. அது தேவைதானா என்று சாப்பாட்டு நேரத்தில் தினமும் பஞ்சாயத்து நடக்கும். நம் அம்மாக்கள் எந்த மாத்திரையைத் தின்று ஏழெட்டுப் பெற்றார்கள் என்று ஒருத்தி கேட்பாள். பெற்றுவிட்டு நாற்பதிலேயே போய்ச் சேர்ந்தார்களே, அதையும் சொல் என்பாள் இன்னொருத்தி.

“நம்ம மேல பாசமா அவனுக்கு? கறக்கிற மாட்டுக்குத் தவிடு வைக்கிறான்,” என்பாள் எதிர்மேசைக்காரி.

நெட்டை மட்டும் பேசமாட்டாள். மாத்திரை நல்லதுதான் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுடைய பயமே.

போன வருஷம் வரை அவள் நீராவி இஸ்திரியில் நின்றவள். ஈர விரிப்பை இழுத்துப் போடு, சூட்டுப் பலகையை இறக்கு, ஏற்று. எட்டு மணி நேரமும் நின்ற கால்தான். நாற்பத்தெட்டு வயதில் மாதவிலக்கு பதினைந்து நாள் நிற்காமல் போனது. கெண்டைக்காலில் நரம்பு மண்புழுவாய்ச் சுருண்டது. ஒருநாள் தலைசுற்றிப் பலகை மேலேயே சாய்ந்தாள். முழங்கையில் வெந்த தழும்பு இன்னும் பளபளக்கிறது.

ரத்தம் ஏழுதான் என்றாள் நர்சம்மா. பத்துக்குக் கீழே இருப்பவளை இஸ்திரியில் நிறுத்தக் கூடாது என்பது ஆலைச் சட்டம். அப்படித்தான் அவளுக்கு மடிப்பு மேசையும், உட்கார ஒரு முக்காலியும் கிடைத்தன. இருபத்தாறு வருஷ உழைப்பில் வேலை நேரத்தில் அவள் முதன்முதலாக உட்கார்ந்தது அதில்தான். ரத்தம் ஏறினால் முக்காலி போய்விடும்.

மாத்திரையைச் சாக்கடையில் வீச அவளுக்கு மனசு வராது. என்ன இருந்தாலும் மருந்து, யாருக்காவது ஆகும். வீட்டு அலமாரியின் உச்சியில் ஒரு பிஸ்கட் டப்பா. எக்கி நின்று, கையை மட்டும் விட்டுப் போட்டுவிடுவாள். இடுப்பு போன புருஷனுக்கு அது எட்டாது.

அவர் மூட்டை தூக்கித்தான் இடுப்பைத் தொலைத்தார். மூன்று வருஷமாக அடுப்படிதான் அவருக்கு வேலைத்தலம். முக்காலிக்காக மாத்திரையை ஒளிக்கிறாள் என்று தெரிந்தால் தாங்கமாட்டார். பலகையில் விழுந்ததையே வழுக்கி விழுந்ததாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தாள்.

அவள் வருவதற்குள் அவள் பங்குப் பருப்பைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்திருப்பார். கொஞ்ச காலமாக அதில் ஒரு துரு வாடை.

“பருப்பு வேகவைக்கிறீங்களா, ஆணி வேகவைக்கிறீங்களா?” என்று நேற்றுகூடக் கேட்டாள். தனக்கு ஒன்றும் தெரியவில்லை, உன்னைப் போலவே உன் நாக்கும் நெட்டை என்று சிரித்துவிட்டார்.

இன்று மாத்திரையோடு ஆறு மாதப் பரிசோதனையும். நர்சம்மா விரலில் குத்திக் கருவியில் வைத்தாள். “பதினொண்ணு புள்ளி ஆறு. பாத்தீங்களா, ஒழுங்கா முழுங்கினா உடம்பு கேட்குது.”

கருவி கெட்டிருக்கும், இன்னொரு தடவை குத்துங்கள் என்று நெட்டை மற்றக் கையை நீட்டினாள். பதினொன்று புள்ளி ஏழு.

“ரத்தம் ஏறினதுக்கு அழுற முதல் ஆளு நீங்கதாங்கக்கா,” என்றாள் நர்சம்மா.

திங்கட்கிழமையிலிருந்து மூன்றாம் நம்பர் இஸ்திரி என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். மணி அடிப்பதற்குள் முக்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளும் கண் வெளுத்துப் போனவள்தான். அவளோடு எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

வீட்டுக்கு நடக்கும்போது கெண்டைக்கால் இப்போதே வலிக்கத் தொடங்கியது. முழுங்காத மாத்திரை எப்படி ரத்தமாகும்? மறதியில் தினமும் முழுங்கித்தான் தொலைத்தோமா என்று தன்மேலேயே சந்தேகம் வந்தது. எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

செருப்பைக் கழற்றியதும் நேரே அலமாரிக்குப் போனாள். அடுப்படி நாற்காலி அங்கே ஏன் கிடக்கிறது என்றுகூட யோசிக்காமல் அதைக் காலால் தள்ளிவிட்டு, எக்கி டப்பாவை இறக்கினாள். நூற்றைம்பது மாத்திரைக்கு மேல் இருக்க வேண்டிய டப்பா. அடியில் கொஞ்சம் சிவப்புத் தூள்தான் இருந்தது.

பின்னால் கிண்ணம் வைக்கும் சத்தம் கேட்டது. புருஷன் இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். மாட்டிக்கொண்ட சிரிப்போடு, உள்ளங்கையை அவள்பக்கம் நீட்டினார்.

“முழுங்கப் பயம்னா எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? இன்னைக்கு உள்ளதைக் குடு, பருப்பு ஆறுறதுக்குள்ள பொடிச்சுப் போடணும்.”