கண்டமான கயிறு

“தப்பு என் மேலயா, கயித்து மேலயா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே, போதும்.”

ஜீப்காரர் தோளில் சுமந்து வந்த சாக்கைக் கொட்டகைத் தரையில் கவிழ்த்தார். சேறு காய்ந்து இறுகிப்போன, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் கயிறு இரண்டு துண்டாகப் பொத்தென்று விழுந்தது.

வின்ச்காரர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. விடியற்காலையிலிருந்து இரண்டு லாரிகளைப் பள்ளத்திலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு இப்போதுதான் வந்திருந்தார். இடுப்பு இருக்கிறதா, கழன்று விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை. ஆனால் சிக்கிய வண்டியை இழுப்பதிலேயே இருபது வருஷம் ஓடிவிட்டது. அறுந்த கயிற்றைக் கண்டால் கை சும்மா இருக்காது.

மூலையில் அவர் மனைவி, காலையில் இழுத்த கயிற்றைக் கழுவி நிழலில் போட்டு, முழம் முழமாகத் தடவிக்கொண்டிருந்தாள். பிசிர் தட்டுப்பட்ட இடத்தில் சிவப்பு நூலால் ஒரு பெருக்கல் குறி தைத்தாள். அடுத்தடுத்து மூன்று குறி விழுந்தால் அந்தக் கயிறு கண்டம். அப்புறம் அதில் சைக்கிளைக்கூடக் கட்டக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

“கொட்டகைக்குப் பின்பக்கம் கெடக்கிற வேலை எப்பதாங்க முடியும்?” என்றாள், தலை நிமிராமல்.

“நாளைக்கு.”

“உங்க நாளைக்கு இன்னும் பொறக்கவே இல்ல.”

வின்ச்காரர் காதில் வாங்காதவர் போல ஜீப்காரரிடம் திரும்பினார். “யாருக்கு அடி, தம்பி?”

“என் மச்சானுக்கு. பொண்டாட்டியோட தம்பி. சேத்துல நின்ன வண்டிய இழுத்தோம். கயிறு அறுந்து, கொக்கி பறந்து வந்து தாடைய ஒடச்சிருச்சு. பத்து நாளா ஸ்ட்ரால கஞ்சி குடிக்கிறான்.” அவர் தரையிலேயே உட்கார்ந்தார். “நான் அவசரப்பட்டு இழுத்துட்டேன்னு அவ சொல்றா. அன்னையிலருந்து அம்மா வீட்டுலதான் இருக்கா. பேசறதே இல்ல.”

“அறுந்தா துள்ளாம இருக்க, கயித்து மேல ஈரச் சாக்கு போட்டீங்களா?”

“போட்டேண்ணே.”

“வின்ச் டிரம்முல எத்தனை சுத்து மிச்சம் விட்டீங்க?”

“பத்து. இழுத்ததும் மெதுவாத்தான். இரும்புக் கயிறு கையக் கிழிக்கும், இது பிளாஸ்டிக் இழை, லேசு, அறுந்தாலும் அடிக்காதுன்னு பழைய சாமான் கடையில சொன்னான். நம்பி வாங்கினேன்.”

“கயிறு அடிக்காது. நுனியில இருக்கிற கொக்கிக்கு அது தெரியுமா?”

வின்ச்காரர் ஒரு துண்டை எடுத்து, அறுந்த முனையைப் பிரித்தார். உள்ளேயிருந்து மணல் கொட்டியது. நடு இழைகள் உருகி, பிளாஸ்டிக் குச்சி மாதிரி விறைத்திருந்தன.

“இது என்னைக்கோ செத்துப்போன கயிறு. மணல் உள்ளேயே உக்காந்து அறுத்திருக்கு. வெளிய பாத்தா புதுசு மாதிரிதான் தெரியும்.” களைப்பையும் மீறி அவருக்குக் கோபம் வந்தது. “தொழில் தெரிஞ்சவன் எவனும் கண்டமான கயித்த முழுசா விட மாட்டான், தம்பி. முழம் முழமா வெட்டிப் போடணும். முழுசா விட்டா எவனாவது எடுத்துக் கட்டுவான். வெட்டாம விட்ட சோம்பேறி எவனோ, அவன்தான் உங்க மச்சான் தாடைய ஒடச்சவன். நீங்க இல்ல.”

ஜீப்காரர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். பத்து நாள் சுமை இறங்கியதில் தோள்கள் குலுங்கின.

“இதை அவகிட்ட நீங்களே சொல்ல முடியுமாண்ணே? என் போன எடுக்க மாட்டா.”

“நம்பரச் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் எடுத்ததும் வின்ச்காரர் நீதிபதி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “தங்கச்சி, உன் வீட்டுக்காரர் ஒரு தப்பும் பண்ணலம்மா. எல்லாம் முறையாத்தான் செஞ்சிருக்கார். கண்டமான கயித்த வெட்டாம விட்டான் பாரு ஒரு பாவி, கேக்க வேண்டியது அவனத்தான்.”

போனில் விசும்பல் கேட்டது. விசும்பலுக்கு நடுவே அவள் கேட்டாள்: “யாருண்ணே அந்தப் பாவி?”

வின்ச்காரர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி மூலையிலிருந்து எழுந்து வந்து தரையில் கிடந்த இன்னொரு துண்டை எடுத்து, ஈரத்துணியால் சேற்றைத் துடைத்து, அவர் கண்முன் நீட்டினாள். நிறம் போன சிவப்பு நூலில் அடுத்தடுத்து மூன்று பெருக்கல் குறிகள்.

“பழைய இரும்பு அள்ள வந்தவன் பின்பக்கம் கெடந்த இதையும் சேத்து அள்ளிட்டான் போல,” என்றாள் மெதுவாக. “வெட்டிப் போடுங்கன்னு தெனமும்தான் சொன்னேன்... நாளைக்கு, நாளைக்குன்னீங்க.”