புது மதர்போர்டின் முதல் பீப்

சிதம்பரம் மேல வீதி வெயில் கடைக்குள் சாய்ந்து, மேசையில் வயிறு திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர்மேல் விழுகிறது. காலையெல்லாம் ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தேன். எங்கள் தொழிலில் எல்லா நோய்க்கும் அதுதான் கஷாயம். பழைய மதர்போர்டில் கெபாசிட்டர்கள் பூரிபோல் உப்பியிருப்பது அப்புறம்தான் இந்த மேதையின் கண்ணில் பட்டது. இப்போது அதே மாடலில் புதுப் போர்டு, தான் வந்த அட்டைப்பெட்டியின்மேல் படுத்திருக்கிறது. எதிரே ஸ்ரீமதி, துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நிற்கிறாள். நாளை கொடுக்கவேண்டிய அவளுடைய எம்.ஃபில். ஆய்வேடு அந்த ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது. "வந்துடுமாண்ணே?" "வராம எங்க போவும்?" என்கிறேன், குரலில் மட்டும் தைரியமாக. ஸ்குரூ டிரைவர் முனையால் போர்டில் பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களையும் சேர்த்துத் தொடுகிறேன். விசிறி சுழல்கிறது. பீப்! ஒரே ஒரு பீப், போர்டுக்கு உயிர் வந்துவிட்டது! ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது. அவள் கண் கலங்குகிறது. நான் மறுபடியும் அழிரப்பரைத் தேடுகிறேன். சட்டென்று அவள் கத்துகிறாள்: "அண்ணே, மானிட்டர் சுவிட்சே போடல நீங்க!" போடுகிறேன். திரை வெளுக்கிறது, ஆய்வேடு கடைசிப் பக்கம்வரை திறக்கிறது. நான் மூக்கை உறிஞ்சுகிறேன். "மொதல்ல பென் டிரைவ்ல காப்பி போடுங்கண்ணே, அப்புறம் அழுவலாம்" என்கிறாள், அழுதுகொண்டே.