கதவு எண்ணாத பரிசு

அந்த அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு முந்நூறு பொருள்கள்தான். ஒன்று கூடினாலும் வாசற்கதவு கத்தும். எதையாவது குப்பையில் போடும்வரை ஓயாது. போன மாதம் ஒரு பிறந்தநாளில் கொடுத்த விசிலை எறிய மனம் வராமல், எதிர்வீட்டு ஜமீலா தன் மகள் அஃப்ராவின் கரடி பொம்மையை எறிந்துவிட்டாள். அன்றிலிருந்து அஃப்ரா எந்தப் பிறந்தநாளுக்கும் போவதில்லை.

"அவ வரலேன்னா எனக்குக் கேக்கே வேண்டாம்மா" என்று தன் பிறந்தநாளுக்கு முன்தினம் நறுமுகை அம்மா கோமதியிடம் அழுதாள். ரிட்டர்ன் கிஃப்டுக்கு என்ன செய்வதென்று கோமதிக்கு மண்டை காய்ந்தது. பென்சில், பந்து, எதை எடுத்தாலும் கதவு எண்ணிவிடும்.

கடைசியில் மருதாணி அரைத்தாள்.

"கையில எந்தப் பொருளும் குடுக்க மாட்டேன் ஜமீலா, நம்பி அனுப்பு."

பிறந்தநாளன்று பெண் பிள்ளைகளுக்குப் பூ, பையன்கள் கேட்டபடி சிலந்தி. எல்லா உள்ளங்கையும் சிவந்தது.

மாலையில் அஃப்ராவை அவள் வீட்டுக்குக் கோமதியே கூட்டிப்போனாள். அஃப்ரா கையை விரித்தபடி வாசலைத் தாண்டினாள். கதவு கத்தவில்லை.

"அப்பாடா!" என்றாள் ஜமீலா. எதற்கும் இருக்கட்டுமென்று துப்பட்டாவுக்குள் எடுத்து வைத்திருந்த துணி யானையை, திரும்பவும் மகளின் தலையணை அருகே உட்காரவைத்தாள்.